கரையில் நின்ற தாய்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் திருவண்ணாமலை பேருந்து நிலையத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிற வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வண்டியின் சன்னலுக்குக் கீழேயும் ஒரு தாய் நிற்பாள். கையில் ஒரு பை. அதில் பருப்புப்பொடி, முறுக்கு, ஊறுகாய் பாட்டில். "போய்ச் சேர்ந்ததும் போன் போடுப்பா" என்று ஒரு முறை சொல்வாள். வண்டி புறப்படும்போது இன்னொரு முறை சொல்வாள். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் நிற்பாள்.

வீட்டுக்குப் போகிற வழியில் தெரிந்தவர் ஒருவர், "மகன் ஊருக்குப் போயாச்சா? எங்கே வேலை?" என்று கேட்பார். உடனே அந்தத் தாயின் முகம் மாறிவிடும். "பெங்களூரில், கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லும்போது கண்ணில் இருந்த ஈரம்கூட வெளிச்சமாகத் தெரியும். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் மகன் சாப்பிட்ட தட்டு அப்படியே இருக்கும். அதைக் கழுவி வைக்கும்போதுதான் அழுகை வரும்.

ஒரே நாளில், ஒரே மனதில், பெருமையும் அழுகையும். இது எல்லாத் தாய்மாருக்கும் உள்ளது. பிள்ளை வளர்ந்து போய்விட்டான் என்று மகிழ்ச்சி. பிள்ளை வளர்ந்து போய்விட்டானே என்று துக்கம். இந்தப் பெருமை தர்மத்தைச் சேர்ந்ததா, கலியைச் சேர்ந்ததா? அய்யா வழியில் நடக்கிறவர்கள் இதை ஒரு முறையாவது யோசித்துப் பார்க்க வேண்டும்.

பெயரைக்கூடப் பறித்த காலம்

பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுவதே பாவம் என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டாம். அய்யாவின் மக்கள் அதை ஏற்கவே கூடாது. நம் முன்னோர் இருந்த நிலை அப்படி.

1809-ஆம் ஆண்டு, தென் திருவிதாங்கூரில், இன்று சாமிதோப்பு என்று நாம் வணங்கும் ஊரில், பொன்னுமாடனுக்கும் வெயிலாளுக்கும் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றவர்கள் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்தார்கள். பனையேறிப் பிழைக்கிற குடியில் பிறந்த பிள்ளைக்கு முடி சூடுகிற பெயரா என்று மேல்சாதியார் எதிர்த்தார்கள். பெயரை மாற்ற வேண்டியதாயிற்று. முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆனார்.

பெற்ற பிள்ளையை விரும்பிய பெயரில் கூப்பிடக்கூட ஒரு தாய்க்கு உரிமை இல்லை. அந்தக் காலத்தில் நம் பெண்கள் மார்பை மறைத்துத் தோள்சீலை போடத் தடை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கத் தடை. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி உடுத்தத் தடை, தலைப்பாகை கட்டத் தடை. தலைக்கும் வரி, பனைக்கும் வரி. அந்தத் தாய்மார் எதை வைத்துப் பெருமைப்பட முடியும்? தன் பிள்ளையும் தன்னைப்போலவே தலை குனிந்துதான் நடக்கப் போகிறான் என்று தெரிந்தே பெற்றார்கள், வளர்த்தார்கள்.

அந்தத் தலையைத்தான் அய்யா நிமிர்த்தினார். தலைப்பாகை கட்டி என் முன்னே வா என்றார். குடத்தை இடுப்பில் வைத்து நட என்றார். யாருக்கும் அஞ்சாமல் மானத்தோடு வாழச் சொன்னார். ஆகையால் இன்று ஒரு தாய், "என் மகள் நர்ஸ் படிப்பு முடித்துவிட்டாள்", "என் மகன் வாத்தியார் ஆகிவிட்டான்" என்று நிமிர்ந்து சொன்னால் அது மேட்டிமை அல்ல. அது மானம். அய்யா வாங்கித் தந்த மானம். அதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு எங்கே தவறு வருகிறது? அதற்குச் செந்தூர்க் கடற்கரைக்குப் போக வேண்டும்.

செந்தூர்க் கடற்கரையில் மூன்று நாள்

முத்துக்குட்டிக்கு இருபத்துநான்கு வயது நடந்தபோது உடம்பில் தீராத நோய் கண்டது. செய்யாத வைத்தியம் இல்லை. மாசித் திருவிழாவுக்குத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோ என்று தாய் வெயிலாளுக்குக் கனவில் கட்டளை வந்தது. நடக்க முடியாத மகனைத் தொட்டில் கட்டிச் சுமந்து கொண்டு போனார்கள். உறவினரும் கூடப் போனார்கள்.

அங்கே கடலுக்குள் இறங்கிய மகன் திரும்பவில்லை. அலை வந்தது, போயிற்று. மகன் மட்டும் வரவில்லை. கடல் கொண்டுபோய்விட்டது என்று கூட வந்தவர்கள் முடிவு செய்தார்கள். ஒவ்வொருவராக ஊருக்குத் திரும்பினார்கள். தாய் ஒருவர் மட்டும் திரும்பவில்லை. அழுதுகொண்டு அந்தக் கரையிலேயே இருந்தார்.

மூன்றாம் நாள், கொல்லம் ஆண்டு 1008 மாசி 20, அதாவது 1833-ஆம் ஆண்டு, கடலிலிருந்து அய்யா வைகுண்டர் எழுந்து வந்தார். தாய் ஓடினார். மகன் கிடைத்தான் என்று கட்டியணைக்க ஓடினார். அய்யா தடுத்தார். இதுவரை உனக்கு மகன், இனி நாராயணருக்கு மகன் என்று அறிவித்துவிட்டுத் தெச்சணத்தை நோக்கி நடந்தார்.

திரு ஏடு வாசிப்பில் இந்த இடம் வரும்போது தாய்மார் கண்ணைத் துடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஏன் அழுகிறார்கள்? ஒவ்வொரு தாய்க்கும் அப்படி ஒரு கரை உண்டு. போனவன் ஒருவன், வருகிறவன் வேறொருவன். படிக்கப் போன பையன் வேறு ஆளாகத் திரும்புகிறான். கட்டிக் கொடுத்த மகள் இன்னொரு வீட்டுக்காரியாக வருகிறாள். கட்டியணைக்க ஓடுகிற தாய் ஓரிடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது.

இந்த வரலாற்றில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெயிலாள் அம்மை அந்தக் கரையில் எந்த மகனுக்காகக் காத்திருந்தார்? ஊரார் மெச்சிய மகனுக்காக அல்ல. முடிசூடும் என்ற பெயர் பறிபோன மகன். நோயால் உடம்பு அழிந்த மகன். நடக்க முடியாமல் தொட்டிலில் வந்த மகன். நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட அவரிடம் ஒன்றுமே மிச்சம் இல்லை. அந்த மகனுக்காகத்தான் மூன்று நாள் கரையில் இருந்தார்.

தாய்மை என்பது இதுதான். மற்றவர்கள் எழுந்து போன பிறகும் இருப்பது.

திரும்பி வர முடியாத பிள்ளை

இப்போது நம் வீட்டுக்கு வருவோம்.

அகிலத்திரட்டில் குறோணி ஆறு துண்டாக்கப்பட்டு யுகத்துக்கு ஒன்றாகப் பிறந்த வரலாறு நமக்குத் தெரியும். மற்ற யுகங்களில் அசுரனுக்கு உடம்பு இருந்தது. அவனை எதிரே பார்த்துப் போரிட முடிந்தது. கலிக்கு உடம்பு இல்லை. அது மனதுக்குள் வந்து உட்கார்ந்து கொள்ளும். தாயின் அன்பு இருக்கிற இடத்திலேயே பக்கத்தில் வந்து உட்காரும். "என் பிள்ளை" என்று அன்பு சொல்லும். "உன் பிள்ளையைவிட என் பிள்ளை" என்று கலி சொல்லும். இரண்டுக்கும் குரல் ஒன்றுபோல் இருக்கும்.

பக்கத்து வீட்டில் ஒரு பையன் படிப்பு ஏறாமல் அப்பாவின் கடையிலேயே இருக்கிறான். காலையில் கடை திறக்கிறான், இரவில் பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறான். அவன் தாயின் காதில் விழும்படி, "எங்கள் பையன் மாதம் இவ்வளவு வாங்குகிறான்" என்று சொல்லும்போது பேசுவது எது? அந்தத் தாயின் மனம் வாடும். இரவில் அவள் தன் மகனைப் பார்த்து ஒரு பேச்சுப் பேசிவிடுவாள். ஒரு வீட்டுப் பெருமை இன்னொரு வீட்டுச் சண்டையாகிவிடும்.

அதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வெளியூரில் அந்த மகனுக்கு வேலை போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அறை வாடகைக்குக் கடன் வாங்குகிறான். ஒரு வேளை சாப்பாட்டைக் குறைக்கிறான். பேருந்து ஏறினால் நாலைந்து மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடலாம். வரவில்லை. ஏன்? "அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாளே, நான் வந்து நின்றால் அவள் முகம் என்னாகும்" என்று நினைக்கிறான். போனில் "நல்லா இருக்கேன்மா" என்கிறான். கட்டிக் கொடுத்த மகளும் அப்படித்தான். புகுந்த வீட்டில் அடி வாங்கினாலும், "பெரிய இடத்துச் சம்பந்தம் என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாளே" என்று வாயை மூடிக்கொள்கிறாள்.

தாயின் பெருமையே பிள்ளை திரும்பி வருகிற வழியை அடைத்துவிடுகிறது. இதைத் தாய்மார் உணர வேண்டும். பிள்ளை வெற்றியோடு வந்தால் வரவேற்க ஊரே இருக்கும். தோற்று வந்தால் கரையில் நிற்க ஒருத்திதான் இருக்க முடியும். அந்த ஒருத்தியின் முகத்தைப் பார்க்கவே பயந்தால் பிள்ளை எங்கே போவான்?

பவளக்குன்றுக்கு வந்த தாய்

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். மலையின் கிழக்குப் பக்கத்தில் பவளக்குன்று என்று ஒரு சிறு குன்று உண்டு. பலர் அதை நிமிர்ந்து பார்க்காமலே போய்விடுகிறார்கள். அங்கேயும் ஒரு தாய் அழுதிருக்கிறார்.

திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன் என்ற பையன், 1896-ஆம் ஆண்டு பதினாறாம் வயதில் மதுரையில் இருந்த சிற்றப்பாவின் வீட்டை விட்டுப் புறப்பட்டான். அண்ணன் கல்லூரிச் சம்பளம் கட்டச் சொல்லியிருந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தையும் வைத்துவிட்டுப் போனான். செப்டம்பர் 1-ஆம் நாள் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான். அவரே பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர்.

தாய் அழகம்மாள் கணவனை இழந்தவர். மகன் போன இடம் தெரியாமல் இரண்டு ஆண்டு தவித்தார். 1898 டிசம்பரில், மூத்த மகனுக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை கிடைத்தபோது அவரை அழைத்துக்கொண்டு வந்தார். பவளக்குன்றில் சடைபிடித்த தலையும், வளர்ந்த நகமும், அழுக்கேறிய உடம்புமாக இருந்த மகனைக் கண்டார். வீட்டுக்கு வா என்று நாள்தோறும் வந்து கெஞ்சினார். மகன் பேசவில்லை. கடைசியில் அருகில் இருந்தவர் தாளும் பென்சிலும் கொடுக்க, அதில் எழுதிக் காட்டினார். நடக்க வேண்டியது நடக்கும், நடக்கக் கூடாதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகையால் மௌனமே மேல் என்பது அதன் கருத்து. தாய் அழுதுகொண்டே ஊர் திரும்பினார்.

கதை அத்தோடு முடியவில்லை. 1914-இல் மகனைப் பார்க்க வந்தபோது அழகம்மாள் கடும் காய்ச்சலில் விழுந்தார். வீட்டையே வேண்டாம் என்று வந்த அந்த மகன்தான் பக்கத்தில் இருந்து பணிவிடை செய்து தாயைத் தேற்றினார். 1916-இல் அந்தத் தாய் நிலையாகவே இங்கு வந்துவிட்டார். இம்முறை மகனைக் கொண்டுபோக வரவில்லை. மகன் இருக்கிற இடத்தில் தானும் இருக்க வந்தார்.

வந்தும் முதலில் எளிதாக இல்லை. நான் பெற்ற பிள்ளை என்ற எண்ணம் லேசில் போகுமா? மகனோ தாய்க்கென்று தனிச் சலுகை எதுவும் காட்டவில்லை. எல்லாப் பெண்களும் தனக்குத் தாய்தான் என்றார். தாய்க்கு அது வலித்தது. ஆனால் அவர் கோபித்துக்கொண்டு போய்விடவில்லை. அடுப்பை மூட்டினார். அதுவரை பிச்சை எடுத்து வந்த சோற்றைப் பகிர்ந்து உண்ட இடத்தில், மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில், அங்கிருந்த எல்லாருக்கும் சமைத்துப் போட்டார். ஒருவனுக்குத் தாயாக வந்தவர் வந்தவர்க்கெல்லாம் தாயானார்.

1922 மே 19-இல் அவர் உயிர் பிரிகிற வேளையில், மகன் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்தபடி பகல் முழுவதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். மலையடிவாரத்தில் அவருக்குச் சமாதி அமைந்தது. அவ்வாண்டின் இறுதியில் மகனும் மலையிலிருந்து இறங்கி அந்தச் சமாதி அருகிலேயே தங்கினார். அதைச் சுற்றித்தான் ரமணாசிரமம் வளர்ந்தது. சமாதியின் மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோவிலுக்கு 1949-இல் கும்பாபிஷேகம் நடந்தது. மகனை வீட்டுக்கு அழைத்துப்போக வந்த தாயின் சமாதியே, கடைசியில் அந்த மகனுக்கு வீடாயிற்று.

வழி வேறாக இருக்கலாம். தாயின் வயிறு எல்லா வழியிலும் ஒன்றுதான். வெயிலாள் அம்மை கரையில் கண்டதும், அழகம்மாள் குன்றில் கண்டதும் ஓர் உண்மையே. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவன். ஒப்படைத்தவர் ஒரு நாள் கேட்பார். அப்போது கையைத் திறக்கத் தெரிய வேண்டும்.

பள்ளியறைக் கண்ணாடி

அய்யாவின் பதியிலும் நிழல் தாங்கலிலும் பள்ளியறைக்கு முன்னே நிற்கும்போது என்ன தெரிகிறது? கல்லோ செம்போ ஆன உருவம் இல்லை. கண்ணாடி இருக்கிறது. விளக்கு ஒளியில் நம் முகம் தெரிகிறது. நெற்றியில் நாமம் தெரிகிறது.

தாய்மாரே, அங்கே தெரிவது உங்கள் முகம். உங்கள் மகனின் சம்பளம் அங்கே தெரியாது. மகளின் பட்டம் தெரியாது. எந்த ஊரில் வீடு கட்டியிருக்கிறான் என்பதும் தெரியாது. பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, "இனி எனக்கு என்ன இருக்கிறது" என்று சொல்கிற அந்த முகத்தைத்தான் அய்யா விளக்குக்கு நடுவே வைத்துக் காட்டுகிறார். உனக்குள்ளே நான் இருக்கிறேன் என்கிறார். பிள்ளை இருந்தபோதும் இருந்தார், போன பிறகும் இருக்கிறார்.

அந்தக் கண்ணாடி முன் நின்று மூன்று காரியத்தை மனதில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, பிள்ளையின் உயர்வைச் சொல்லும்போது நன்றியாகச் சொல்லுங்கள். "அய்யா கொடுத்தார்" என்று ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுத் தாயின் மனம் புண்படாது. அவள் பிள்ளையின் நல்லதையும் கேட்டுச் சந்தோஷப்படுங்கள். வீட்டில் இருந்து பெரியவர்களைப் பார்க்கிற பிள்ளை எந்தச் சம்பளக்காரனுக்கும் குறைந்தவன் இல்லை.

இரண்டாவது, போனில் பேசும்போது, "எவ்வளவு பிடித்தம் போகக் கைக்கு வருகிறது" என்று கேட்பதற்கு முன், "சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்று கேளுங்கள். அதோடு ஒரு வார்த்தையையும் அடிக்கடி சொல்லி வையுங்கள்: "எது நடந்தாலும் வீட்டுக்கு வந்துவிடு. ஊர் என்ன சொன்னாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்." நல்ல காலத்திலேயே அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால்தான் கெட்ட காலத்தில் அது பிள்ளைக்கு நினைவு வரும். மகளுக்கும் இதைச் சொல்லுங்கள். மகளுக்கு அவசியம் சொல்லுங்கள்.

மூன்றாவது, அடுப்பை அணைக்காதீர்கள். இரண்டு பேருக்குச் சமைக்க என்ன இருக்கிறது என்று நேற்றைய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளைக்குப் போட்ட அந்தப் பிடி அரிசியைத் தனியாக எடுத்து வையுங்கள். சேர்ந்ததும் அன்னதர்மத்துக்குக் கொண்டு வாருங்கள். வந்து காய் நறுக்குங்கள், பரிமாறுங்கள். யார் பெற்ற பிள்ளையோ உங்கள் கையால் சாப்பிட்டுப் போகும். அதே வேளையில் வெளியூரில் உங்கள் பிள்ளைக்கு யாரோ ஒரு தாய் இலை போடுவாள். தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா நமக்குக் காட்டிய வழி இதுதான்.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல் உண்டு. அய்யா தாயை விட்டு நடந்தார், ரமணரும் வீட்டை விட்டு வந்தார், நாங்களும் அப்படித்தான் என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். அய்யா நடந்தது உலகத்தைத் தாங்க. ஆறு ஆண்டுத் தவம் இருக்க. நமக்காகச் சிங்காரத்தோப்புச் சிறையை ஏற்க. நாம் நடப்பது சம்பளத்துக்கு. எல்லாவற்றையும் துறந்தவரே தாய்க்குக் காய்ச்சல் என்றதும் பணிவிடை செய்தார். ஒன்றையும் துறக்காத நாம், "லீவு இல்லைம்மா" என்று எத்தனை முறை சொல்கிறோம்? பணம் அனுப்புவது நல்லதுதான். ஆனால் பேருந்து நிலையத்தில் வண்டி மறைகிற வரைக்கும் நின்றவளுக்குப் பணம் அல்ல, திரும்பி வருகிற வண்டிதான் வேண்டும். கெட்ட செய்தியாக இருந்தாலும் அவளிடம் சொல்லுங்கள். உங்களைத் தொட்டில் கட்டிச் சுமக்க அவளுக்கு இன்னும் பலம் இருக்கிறது.

ஒவ்வொரு மாசி 20-இலும் நாகர்கோவிலிலிருந்து சாமிதோப்புக்குக் காவித் தலைப்பாகையும் காவிக்கொடியுமாக மக்கள் ஊர்வலம் போகிறார்கள். அய்யாவின் அவதாரத்தைக் கொண்டாடுகிறோம். அந்த நாளுக்கு முந்திய இரண்டு நாட்களையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். அவதாரம் நடக்கும் என்று யாருக்கும் தெரியாத அந்த இரண்டு நாட்களிலும், அலையைப் பார்த்துக்கொண்டு ஒரு தாய் கரையில் இருந்தார். எதுவும் கிடைக்கும் என்று எண்ணி இருக்கவில்லை. பெற்றவள் என்பதால் இருந்தார்.

அய்யா, வெளியூரில் இருக்கிற எங்கள் பிள்ளைகளை உம்முடைய பிள்ளைகளாகக் காத்துக்கொள்ளும். அவர்கள் உயர்ந்தால் எங்களுக்கு மேட்டிமை வராமல் காத்துக்கொள்ளும். அவர்கள் தளர்ந்து வந்தால் கரையில் நிற்கிற பலத்தை எங்கள் தாய்மாருக்குத் தாரும்.

அய்யா சிவ சிவ அரகரா.

அய்யா உண்டு. அய்யா துணை.